மங்காவில் முதுகலை: உண்மையிலேயே இப்படி ஒரு படிப்பு இருக்கிறதா?

கேள்வி, மே 11

பி.ஏ. ஆங்கில இலக்கியம், கடைசி வருஷம். எம்.ஏ. படித்தால் மங்கா (ஜப்பானியப் படக்கதை), அனிமே (ஜப்பானிய அனிமேஷன்), ஜப்பானிய இளைஞர் பண்பாடு, இதில்தான் என்று முடிவு செய்துவிட்டேன். வீட்டில் "பொம்மைப் படம் பார்க்க ஒரு டிகிரியா?" என்கிறார்கள். ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை வரை முடித்திருக்கிறேன். அங்கே படித்த அக்கா, அண்ணா யாராவது இருந்தால் சொல்லுங்கள். எந்தப் பல்கலைக்கழகம், என்ன தலைப்பு, முடித்தால் வேலை உண்டா?

பதில், மே 11, இரவு

இருக்கிறது. நான் கியோட்டோவில் படித்தேன். வீட்டில் பேசுவதை அப்புறம் பார்க்கலாம். நீங்கள் வரையப் போகிறீர்களா, ஆராயப் போகிறீர்களா? இரண்டுக்கும் வாசல் வேறு.

கியோட்டோ சேய்கா பல்கலைக்கழகம் 2000இல் மங்காவுக்கென்று ஒரு துறை தொடங்கி, 2006இல் அதைத் தனிப் புலமாகவே ஆக்கியது. முதுகலை 2010இல் வந்தது, முனைவர் பட்டம் 2012இல். ஆராய்ச்சிக்கும் அங்கே இடம் உண்டு, ஆனால் சேர்பவர்களில் நிறையப் பேர் கையில் நிப் பேனாவோடு வருகிறவர்கள். டோக்கியோ கலைப் பல்கலைக்கழகம் 2008இல் தொடங்கிய அனிமேஷன் முதுகலை முழுக்க முழுக்கப் படம் செய்கிறவர்களுக்கானது. அது நடப்பது யோகோஹாமாவில்.

நீங்கள் இலக்கிய மாணவி. கட்டுரை எழுதத்தான் பழக்கம் என்றால், பெயரில் மங்கா இருக்கும் துறையைத் தேடுவதை விடுங்கள். சமூகவியல், ஊடகவியல், கலை வரலாறு, பெண்ணியல் என்று ஏதாவது ஒரு துறையில், மங்காவைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆசிரியர் உட்கார்ந்திருப்பார். அந்த ஆளைத் தேடுங்கள்.

மே 12

நேற்றுப் பாதியில் விட்டது. ஆளைக் கண்டுபிடித்ததும் ஒரு மின்னஞ்சல், கூடவே ஆராய்ச்சித் திட்டம். பெரும்பாலான இடங்களில் நேரடியாக எம்.ஏ.வில் உட்கார வைக்க மாட்டார்கள். கென்க்யூசேய் (பட்டத்தில் சேராத ஆய்வு மாணவர்) என்ற பெயரில் ஆறு மாதமோ ஒரு வருடமோ இருந்துவிட்டு நுழைவுத்தேர்வு எழுத வேண்டும்.

நான் முதலில் எழுதிய ஆசிரியரிடமிருந்து பதிலே வரவில்லை. இரண்டாமவர் பதில் போட்டார். என் திட்டத்தின் தலைப்பு "ஷோஜோ மங்காவில் பெண்"; ஷோஜோ என்றால் சிறுமிகளுக்கானது. அவர் கேட்டது இவ்வளவுதான்: எந்தப் பத்திரிகை, எந்த வருடத்திலிருந்து எந்த வருடம் வரை? நான் படித்த தொடர்களின் பெயர்களையெல்லாம் அடுக்கி எழுதினேன். மறுபடியும் அதே கேள்வி வந்தது. பாத்திரங்களின் உளவியல் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். அதற்கும் அதே கேள்விதான். கடைசியில் '1970களின் ரிபோன் மாத இதழ்' என்று எழுதியதும் சரி, வாருங்கள் என்றார்.

அந்தக் கேள்வியை நீங்களும் இப்போதே உங்களிடம் கேட்டுப் பாருங்கள்.

மே 14

மேலே ஒரு தம்பி, "ஆங்கிலத்திலேயே படிக்கலாமே, எதற்கு ஜப்பானியம்?" என்கிறார். படிக்கலாம். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் ஆசியாவின் ஊடகமும் சமூகமும் பற்றி ஆங்கிலவழி முதுகலையே இருக்கிறது. ஜப்பானுக்குப் போகத்தான் வேண்டும் என்றும் இல்லை. அனிமே வியாபாரம் எப்படி ஓடுகிறது என்று எழுதிய மார்க் ஸ்டைன்பெர்க் இருப்பது மாண்ட்ரியலின் கான்கார்டியாவில். ஸ்டுடியோக்களுக்குள் போய் உட்கார்ந்து கள ஆய்வு செய்த இயன் காண்ட்ரி எம்.ஐ.டி.யில். கியோட்டோவில் பல வருடம் மங்கா ஆராய்ச்சியை நடத்திய ஜாக்குலின் பெர்ன்ட் பிறகு ஸ்டாக்ஹோம் போனார். மெக்கடேமியா என்ற ஆங்கில ஆய்விதழ் 2006இலிருந்து வருகிறது.

ஆனால் தம்பி, ஆங்கிலத்தில் இருப்பவற்றை மட்டும் படித்தால் எல்லாருடைய கட்டுரையிலும் அதே ஏழெட்டுப் பெயர்கள்தான் சுற்றிச் சுற்றி வரும். ஜப்பானியர்கள் தங்களுக்குள் போட்ட சண்டை வேறு. மங்காவை வாசிப்பதென்றால் கதையை வாசிப்பதா, கோடு, கட்டம், பேச்சுக்குமிழ் இவற்றின் இலக்கணத்தை வாசிப்பதா என்று 1990களில் நட்சுமே ஃபுஸானொசுகே போன்றவர்கள் கிளப்பிய விவாதம் இன்னும் ஓயவில்லை. அந்தக் கட்டுரைகளில் பெரும்பகுதி ஜப்பானியத்தில் மட்டும்தான் கிடைக்கும்.

என்4 வைத்துக்கொண்டு ஷோனென் (பையன்களுக்கான) மங்கா படித்துவிடலாம், கான்ஜி எனும் சீன எழுத்துகளின் பக்கத்தில் சின்ன எழுத்தில் உச்சரிப்பு இருக்கும். ஆய்வுக் கட்டுரையில் அது இருக்காது. கருத்தரங்க வகுப்பில் பதினைந்து பேர் பேசும்போது அறவே இருக்காது. உச்ச நிலையான என்1ஐக் குறிவைத்து இன்றே தொடங்குங்கள்.

மே 15

பணம். தனிச்செய்தியில் நிறையப் பேர் இதைத்தான் கேட்கிறார்கள்.

ஜப்பான் அரசின் மெக்ஸ்ட் உதவித்தொகை கிடைத்தால் கட்டணம் கிடையாது, விமான டிக்கெட் அவர்கள் பொறுப்பு, முதுகலைக்கு மாதம் 1,44,000 யென் (கென்க்யூசேயாக இருக்கும்போது 1,43,000). டோக்கியோவில் இதை வைத்து இழுத்துப் பிடித்துத்தான் வாழ வேண்டும், கியோட்டோவில் கொஞ்சம் மூச்சு விடலாம். தூதரகம் வழியாகவும் போகலாம், பல்கலைக்கழகப் பரிந்துரையிலும் போகலாம். 35 வயதுக்குள் இருக்க வேண்டும்.

சொந்தச் செலவென்றால் தேசியப் பல்கலைக்கழகங்களின் வழக்கமான கட்டணம் வருடம் 5,35,800 யென், சேர்க்கைக்கு 2,82,000. தனியார் என்றால் கூட. சேய்கா, மெய்ஜி, கக்குஷுயின் என்று மங்காவுக்குப் பெயர்போன இடங்கள் தனியார் என்பதைக் கவனியுங்கள். மாணவர் விசாவில் அனுமதி வாங்கி வாரம் 28 மணி நேரம் வேலை செய்யலாம். நான் இரவில் பென்டோ என்ற பெட்டிச் சாப்பாடு செய்யும் ஒரு தொழிற்சாலையில் ஆம்லெட் துண்டு அடுக்கினேன். ஜப்பானியம் அங்கே வளராது, கைதான் வளரும்.

மே 17

இன்று ஞாயிறு, மழை. அந்தப் பத்திரிகைக் கேள்வியைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் இந்தப் படிப்பே அதில்தான் இருக்கிறது.

நாம் இங்கே மங்கா என்று கையில் பிடிப்பது தொகுப்புப் புத்தகம். ஜப்பானில் அது இரண்டாவது பிறவி. முதலில் வந்தது வார இதழிலோ மாத இதழிலோ, முரட்டு மறுசுழற்சித் தாளில், பக்கத்துக்குப் பக்கம் இளஞ்சிவப்பும் பச்சையுமாகச் சாயம் போட்ட காகிதத்தில், வேறு பல தொடர்களுக்கு நடுவே. ஷோனென் ஜம்ப் என்ற வார இதழ் 1994 கடைசியில் தொட்ட உச்சம் ஒரு இதழுக்கு 65 லட்சத்து 30 ஆயிரம் பிரதி. வாங்கியவர்கள் ரயிலில் படித்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போனார்கள். தொகுப்பில் வரும்போது வண்ணப் பக்கங்கள் சாம்பல் நிறமாகின்றன, விளம்பரங்கள் போகின்றன, வாசகர் பக்கம் போகிறது, பக்க ஓரத்தில் ஆசிரியர் குழு அச்சிட்ட "அடுத்த வாரம் என்ன ஆகும்?" போகிறது.

போனவற்றில்தான் இளைஞர் பண்பாடு இருக்கிறது. 70களின் பையன்கள் பத்திரிகைப் பின்னட்டையில் புல்வொர்க்கர் என்ற உடற்பயிற்சிக் கருவியின் விளம்பரம். நெஞ்சை விரித்துக்கொண்டு ஒருவர் நிற்பார். எந்த வயதுப் பையன் என்ன பயத்தோடு அந்தப் பத்திரிகையைத் திறந்தான் என்று அந்தப் பக்கம் சொல்லும், கதை சொல்லாது. ஜம்ப்பில் ஒரு வாசகர் அட்டை இருக்கும், பிடித்த மூன்று தொடரைக் குறித்து அனுப்ப வேண்டும். அந்த ஓட்டு விழாத புதுத் தொடர் பத்து வாரத்தைத் தாண்டுவதே கஷ்டம். ஒரு கதை ஏன் திடீரென்று சண்டைப் போட்டியாக மாறியது என்று உளவியல் தேடுகிறவர்கள் முதலில் இந்த அட்டையைப் பார்க்கலாம்.

என்னுடைய ரிபோன் விஷயத்துக்கு வருகிறேன். ஷூயெய்ஷா 1955இல் தொடங்கிய சிறுமிகள் இதழ். கதையைவிட இணைப்புக்காக வாங்கியவர்கள் ஏராளம்: தாள் பை, தாள் பெட்டி, சின்ன நோட்டு, கடித உறை. எல்லாமே காகிதம், எல்லாமே வீட்டில் மடித்து ஒட்ட வேண்டியவை. ஏன் காகிதம்? நான் அழகியல் காரணமாக இருக்கும் என்று பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். ஸென்ஸேய் (என் ஆசிரியர்) ரயில்வே சரக்குக் கட்டண விதியைப் பாருங்கள் என்றார். பத்திரிகைகளைத் தேசிய ரயில்வே சலுகைக் கட்டணத்தில் ஏற்றிச் சென்றது. அந்தச் சலுகை வேண்டுமானால் இணைப்பு காகிதமாக இருக்க வேண்டும், தடிமனுக்கும் கட்டுப்பாடு. ரயில் போய் லாரி வந்த பிறகும் பத்திரிகைச் சங்கம் அந்த விதியை வைத்திருந்தது, 2001இல்தான் தளர்த்தியது. அதற்கப்புறம்தான் துணிப் பையும் பர்ஸும் இதழோடு வந்து குவிந்தன.

ஒரு தலைமுறைச் சிறுமிகளின் மேஜை முழுக்க மடித்த காகிதமாக இருந்ததற்கு ரயில்வே காரணம் என்றால் நம்புவீர்களா? என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயம் இதுதான்.

மே 17, கொஞ்சம் கழித்து

அந்த இணைப்புகளை எங்கே பார்ப்பது என்று உடனே கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. நூலகப் பிரதிகளில் பெரும்பாலும் இருக்காது. கியோட்டோ சர்வதேச மங்கா அருங்காட்சியகம் 2006இல் ஒரு பழைய தொடக்கப்பள்ளிக் கட்டடத்தில் திறந்தது, சேய்காவும் நகராட்சியும் சேர்ந்து நடத்துவது. சுமார் மூன்று லட்சம் உருப்படிகள். அதில் 50,000 புத்தகங்கள் சுவரலமாரியில், எடுத்துக்கொண்டு போய்ப் புல்தரையில் படுத்துப் படிக்கலாம். பழைய இதழ்கள் உள்ளறையில், கேட்டுத்தான் வாங்க வேண்டும். டோக்கியோவில் மெய்ஜி பல்கலைக்கழகத்தின் யொனேஸாவா நினைவு நூலகம், 2009இல் திறந்தது. அப்புறம் நாகாட்டாச்சோவில் தேசிய டயட் நூலகம், அதாவது நாடாளுமன்ற நூலகம். அங்கே எதையும் வெளியே எடுத்துப் போக முடியாது, நகலுக்கும் அளவு உண்டு.

இவை எதிலும் கிடைக்காத ஒரு 1976 இணைப்பை நான் கண்டது ஒரு பழைய புத்தகக் கடையில். மடிக்காத தாள் பை, ஓரத்தில் "இங்கே பசை தடவவும்" என்று புள்ளிக்கோடு, ஒரு மூலையில் பென்சிலால் யாரோ ஒரு சிறுமியின் பெயரும் வகுப்பும். விலையைப் பார்த்துவிட்டு வைத்துவிட்டேன். ஒரு வாரச் சாப்பாட்டுப் பணம்.

மே 20

"வகுப்பில் அனிமே போடுவார்களா அக்கா?" போடுவார்கள். ஒரு நிமிடம்கூட வராத ஒரு துண்டு. அதையே நிறுத்தி நிறுத்தி 90 நிமிட வகுப்பு முழுக்க. 1963 ஜனவரி 1 அன்று ஃபூஜி டிவியில் தொடங்கிய 'டெட்சுவான் ஆட்டம்' (ஆஸ்ட்ரோ பாய்) தொடரில் ஒரே ஓவியத்தை எத்தனை சட்டகம் பிடித்து வைத்தார்கள், வாய் மட்டும் எப்படி அசைகிறது, பின்னணியை இழுத்தே பறக்க வைத்தது எப்படி என்று எண்ண வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு சீன மாணவர் அந்தப் பருவம் முடிந்ததும் ஆறு மாதம் அனிமேவே பார்க்கவில்லை. பார்த்தால் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன் என்றார்.

மே 23

மங்காக் கட்டத்தை ஆய்வேட்டில் போட்டால் பதிப்பகம் வழக்குப் போடும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். இல்லை ஐயா. இதற்கு ஒரு வழக்கே நடந்து முடிந்திருக்கிறது. கொபயாஷி யொஷினொரியின் அரசியல் மங்காவை விமர்சித்து உஎசுகி சடோஷி என்பவர் 1997இல் ஒரு புத்தகம் போட்டார், அனுமதி கேட்காமல் கட்டங்களை எடுத்து அச்சிட்டிருந்தார். கொபயாஷி வழக்குத் தொடுத்தார். 1999இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், விமர்சிக்க வேண்டுமானால் படத்தையும் மேற்கோள் காட்டலாம் என்று தீர்ப்புச் சொன்னது. 2000இல் உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது, ஒரே ஒரு இடத்தைத் தவிர: ஓரிடத்தில் பக்கத்தில் அடங்க வேண்டும் என்று கட்டங்களின் வரிசை அமைப்பை மாற்றியிருந்தார். அது படைப்பைச் சிதைப்பது என்றார்கள்.

ஆகவே தாராளமாகப் போடுங்கள். எதைப் பற்றிப் பேசுகிறீர்களோ அந்தக் கட்டம், தேவையான அளவு, எங்கே எடுத்தது என்ற குறிப்போடு. ஆனால் வெட்டி ஒட்டி இடம் மாற்றாதீர்கள். இலக்கியத்தில் வரியை முறித்து எழுதுவதற்கே ஒரு சாய்கோடு போடுகிறோம், இங்கே கட்டத்துக்கு நடுவே இருக்கும் வெள்ளை இடமும் படைப்புதான்.

மே 26

இளைஞர் பண்பாடு என்று கேள்வியிலேயே எழுதியிருந்தீர்கள், நான் காகிதத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறேன். மனிதர்கள் பக்கம் போனால் வேலை இன்னும் கஷ்டம்.

எல்லாருக்கும் கை போகும் தலைப்பு காமிக்கெட், ரசிகர்கள் தாங்களே அச்சிட்ட புத்தகங்களை விற்கும் சந்தை. முதல் சந்தை 1975 டிசம்பர் 21, டோக்கியோ, 32 குழுக்கள், 700 பேர் அளவில் வந்தார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் ஷோஜோ மங்கா படிக்கும் பள்ளிப் பெண்கள். ஓடாக்கு (மங்கா, அனிமே வெறியர்) என்றதும் கண்ணாடி போட்ட ஒரு பையனை நினைத்துக்கொள்கிறவர்களிடம் நான் இதைத்தான் முதலில் சொல்வேன். இன்று டோக்கியோ பிக் சைட்டில் வருடம் இரண்டு முறை, கோடையிலும் டிசம்பரிலும்.

கையில் கேள்வித்தாளோடு அங்கே போய் நின்றால் யாரும் பேச மாட்டார்கள். சரி, ஏன் பேச வேண்டும்? புனைபெயரில் எழுதுகிறவர்கள், வீட்டுக்கும் அலுவலகத்துக்கும் தெரியாமல் செய்கிறவர்கள். 2017 மே மாதம் ஜப்பானில் ஒரு செயற்கை நுண்ணறிவு மாநாட்டில் ஒரு கட்டுரை வந்தது. பிக்சிவ் என்ற படைப்புப் பகிர்வுத் தளத்தில் பெண்கள் எழுதிய வயதுவந்தோருக்கான ரசிகர் கதைகளை, ஆபாசச் சொற்களை வடிகட்டும் கணினி முறைக்கு மாதிரியாக எடுத்திருந்தார்கள், எழுதியவர் பெயரும் இணைய முகவரியும் உட்பட. ஒரே கொந்தளிப்பு. சிலர் கதைகளையே மறைத்துவிட்டார்கள், கட்டுரை பொதுப்பார்வையிலிருந்து எடுக்கப்பட்டது. பொதுவில் கிடப்பதைத்தானே எடுத்தோம் என்ற வாதம் அந்தப் பெண்களிடம் எடுபடவில்லை. என் பார்வையில் அவர்கள் பக்கம்தான் நியாயம். கடிதப் பக்கங்களை ஆராய்ந்த எனக்கும் இந்தச் சிக்கல் இருந்தது: 70களின் இதழ்கள் பேனா நட்பு கேட்ட சிறுமிகளின் முழு முகவரியையும் அச்சிட்டிருக்கின்றன. அவர்களுக்கு இன்று அறுபதைத் தாண்டியிருக்கும். நான் ஊரை மட்டும் வைத்துக்கொண்டு மீதியை ஆய்வேட்டில் கறுப்பாக்கினேன்.

மே 27

நேற்று எழுதியதைப் படித்தபோது அங்கே யாருமே பேச மாட்டார்கள் என்பது போலத் தொனிக்கிறது. அப்படி இல்லை. விற்கும் மேஜையில் நீங்களும் ஒரு புத்தகம் போட்டு உட்கார்ந்தால் பேசுவார்கள். என் தோழி ஒருத்தி கள ஆய்வுக்காகவே எட்டுப் பக்கம் வரைந்து நகல் எடுத்து மேஜை போட்டாள். ஆய்வு அப்புறம் வேறு திசைக்குப் போய்விட்டது, மேஜை மட்டும் வருடா வருடம் தொடர்கிறது.

மே 31

வேலை. தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன்.

விரிவுரையாளர் வேலை இருக்கிறது, மிகக் குறைவு; அதற்கும் முனைவர் பட்டம் வேண்டும். கோதான்ஷா, ஷூயெய்ஷா, ஷோகாகுகான் போன்ற பதிப்பகங்களில் நுழைவது ஜப்பானியர்களுக்கே மலை. உரிமை விற்பனை, மொழிபெயர்ப்பு, வீடியோ கேம்களை வேறு மொழிக்குக் கொண்டுபோவது, அருங்காட்சியகம்: எங்களோடு படித்தவர்கள் இப்படிச் சிதறியிருக்கிறார்கள். நான் இருப்பது ஒசாகாவில், ஒரு வீடியோ கேம் நிறுவனத்தின் மொழிப் பிரிவில். பேச்சுக்குமிழில் வார்த்தை பிதுங்குகிறதா என்று பார்ப்பது என் வேலையில் ஒரு பங்கு, ஆகவே படித்தது வீண் என்று சொல்ல மாட்டேன்.

ஒரு விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு வருட முதுகலையில் வேலை தேடும் படலம் முதல் வருடமே தொடங்கிவிடும். ஆய்வேட்டுத் தலைப்பு உருப்படுவதற்கு முன்பே கறுப்பு சூட் வாங்க வேண்டியிருக்கும். "மங்கா ஆராய்ச்சி" என்று நேர்காணலில் சொன்னால் சிரிப்பார்கள். ரயில்வே சரக்கு விதி என்று சொன்னேன், நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லிப் பாருங்களேன்.

ஜூன் 4

தமிழ் இளைஞர்களும் அனிமேயும் என்று தலைப்பு வைக்கலாமா என்கிறீர்கள். வைக்கலாம், ஆசிரியர்கள் விரும்புவார்கள், அவர்களால் செய்ய முடியாத ஆய்வு அது. ஷின்சான் தமிழில் பேசி வளர்ந்த பிள்ளைகள் இன்று கல்லூரியில். 2025 செப்டம்பரில் டீமன் ஸ்லேயரின் இன்ஃபினிட்டி காசில் தமிழ் ஒலியிலும் திரைக்கு வந்தது. ஆனால் அந்த ஆசிரியரின் கேள்வி இதற்கும் உண்டு: எந்த ஊர், எந்த வருடங்கள், எந்தத் தொலைக்காட்சி? "தமிழ் இளைஞர்" என்று பொதுவாக எழுதினால் திருப்பி அனுப்புவார்.

எனக்கு ஆசை மறுதிசை. 1998இல் ஷிபுயாவின் சினிமா ரைஸில் முத்து ஓடியது. இளைஞர் நாகரிகத்தின் நடுமையத்தில் இருந்த தியேட்டர் அது. இன்று ஒசாகாவில் மசாலா காட்சி என்று விளம்பரம் செய்து, காகிதத் துணுக்கும் மணியும் கொண்டுவரச் சொல்லி இந்தியப் படங்களைப் போடுகிறார்கள். நான் ஒன்றுக்குப் போனேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா, நெற்றியில் பொட்டு, நாயகன் வரும் காட்சியில் எந்த நொடியில் கத்த வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். படம் முடிந்ததும் எல்லாரும் துணுக்குகளைப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டு போனார்கள். இதை யாராவது ஆய்வாகச் செய்யுங்கள் என்று தெரிந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 9

திட்டத்தின் வரைவை வாசித்தேன். "1990களின் நகாயோஷி, வாசகர் ஓவியப் பக்கங்கள்": அந்தச் சிறுமிகள் இதழ் நல்ல தேர்வு. முதல் பத்தியில் மூன்று பிரெஞ்சுத் தத்துவவாதிகளை வரிசையாக நிறுத்தியிருக்கிறீர்கள், இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பலாம். எந்த நூலகத்தில் எந்த வருட இதழ் இருக்கிறது என்று ஒரு வரி சேருங்கள், ஆசிரியர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் இன்னொன்று. நீங்கள் குறித்து வைத்திருக்கும் ஆசிரியருக்கு எத்தனை வயது என்று பாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் 65இல் ஓய்வு, சில தனியார் இடங்களில் 70 வரை. ஓய்வுக்கு இரண்டு மூன்று வருடம் இருக்கும்போது புது மாணவரை எடுக்க மாட்டார்கள், அதை வெளிப்படையாகச் சொல்லவும் மாட்டார்கள், பதில் வராது, அவ்வளவுதான். அவர் பெயரைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், தெரிந்தவர்களிடம் விசாரித்துச் சொல்கிறேன்.